வெட்கம் உயிரை வாங்கக் கூடாது: மலமும் வயிறும் நமக்குச் சொல்லும் சேதி



நம் நலவாழ்வுப் பக்கத்தில் இதுவரை சர்க்கரை, இரத்த அழுத்தம், கண்புரை என்று பல விஷயங்களை எழுதி வந்திருக்கிறோம். இந்த இதழில் எழுதப் போவது நாம் யாரும் வாய் திறந்து பேசாத ஒன்று. மலம் கழிப்பதைப் பற்றியும், வயிற்றின் நலனைப் பற்றியும் பேசப் போகிறோம். பத்திரிகையில் போடுகிற விஷயமா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். நமக்கும் முதலில் அந்தத் தயக்கம் இருந்தது. அது நீங்கியதற்கு ஒரு காரணம் உண்டு.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர். வயது நாற்பத்தாறு. வளைகுடாவில் பல வருடம் பாடுபட்டுவிட்டு ஊரோடு வந்து சின்னதாக ஒரு கடை வைத்திருந்தார். தொழுகைக்கு வந்தால் கடைசி ஸஃப்பில், வாசலை ஒட்டித்தான் நிற்பார். சில நாள் இகாமத் சொல்லும் நேரத்தில் எழுந்து போய் மறுபடி ஒளு செய்துவிட்டு வருவார். நாமும் பார்த்திருக்கிறோம். வாயுத் தொந்தரவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவருடைய மனைவி மருத்துவ உதவிக்கான விண்ணப்பத்தோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். "மூலம்னுதான் காக்கா நெனச்சிட்டு இருந்திருக்காவ. ரெண்டு வருசமா ரெத்தம் போயிருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை செல்லல்ல" என்று சொல்லி அழுதார். விளம்பரம் பார்த்து ஓரிடத்தில் மூலத்துக்கு மருந்து வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறார். இரத்தம் நிற்கவில்லை. உடம்பு வெளுத்து, படியேறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் பெரிய மருத்துவமனைக்குப் போனார். பெருங்குடலில் புற்று. அதற்குள் கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த ரமலானில் அவர் நம்மோடு இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

அவர் மனைவியிடம் சொல்லாதது வெட்கத்தால். கடைசி ஸஃப்பில் நிற்கிறீர்களே, உடம்புக்கு என்ன என்று நாம் கேட்காததும் வெட்கத்தால்தான். இரண்டு வெட்கமும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் தலைவரைக் கொண்டுபோய்விட்டன. ஆகவே இந்தக் கட்டுரை.

மார்க்கத்தில் இதற்கு வெட்கமில்லை

மதரஸாவில் ஓதிய எவருக்கும் தெரியும், ஃபிக்ஹு கிதாபுகளின் முதல் பாடமே தூய்மை. மலஜலம் கழிக்கும் ஒழுங்கும் துப்புரவு செய்யும் முறையும் அதில் வரும். பத்து வயதுப் பிள்ளையாக உஸ்தாத் முன்னால் உட்கார்ந்து அதைச் சத்தமாக ஓதியிருக்கிறோம். வளர்ந்த பிறகுதான் வாய் அடைத்துப் போனது. உண்மையைக் கேட்டறிய வெட்கப்படாமல் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே நேரில் வந்து கேட்ட ஸஹாபிப் பெண்மணிகளின் வரலாறு நமக்கு இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். உணவு முன்னால் வைக்கப்பட்டிருக்கும்போதும், மலமோ ஜலமோ நெருக்கும்போதும் அதை அடக்கிக்கொண்டு தொழ நிற்க வேண்டாம் என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. தொழுகையில் மனம் ஒன்றவேண்டும் என்பது அதன் நோக்கம். உடம்புக்கும் அதில் பெரிய நன்மை உண்டு என்பதைக் கீழே பார்க்கப் போகிறோம்.

சோறு போகும் பாதை

நாம் உண்ட உணவு இரைப்பையில் இரண்டு முதல் நான்கு மணி நேரம் தங்கி அரைபடுகிறது. பிறகு சிறுகுடல். இது ஏறக்குறைய ஆறு மீட்டர், அதாவது இருபது அடி நீளம். கல்லீரலிலிருந்து பித்தநீரும் கணையத்திலிருந்து செரிமான நீரும் வந்து சேர்வது இங்கேதான். உணவின் சத்தில் பெரும்பகுதி இங்கே இரத்தத்தில் கலக்கிறது. மிஞ்சியது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே ஒரு நாளோ இரண்டு நாளோ மெதுவாக நகர்கிறது.

குடலின் வேலையில் வியப்பானது தண்ணீர்க் கணக்கு. நாம் குடிப்பது, உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் எட்டு, ஒன்பது லிட்டர் குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியே போவது நூறு, இருநூறு மில்லி மட்டும். மீதி முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இந்த ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் புரிந்துவிடும். மலம் பெருங்குடலில் அளவுக்கு மீறித் தங்கினால் தண்ணீர் மேலும் மேலும் உறிஞ்சப்பட்டு இறுகிவிடும். குடல் உறிஞ்ச முடியாமல் போனாலோ, கிருமியின் நஞ்சால் நீரைக் கொட்டினாலோ, பேதியாகிவிடும்.

எத்தனை முறை போனால் சரி?

தினமும் காலையில் ஒரு முறை போகாவிட்டால் நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலானோர் தினம் ஒரு முறையாவது போகிறவர்கள்தான். ஆனாலும் நாளுக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை, சிரமமில்லாமல் போகிறதென்றால் அதை இயல்பு என்றே மருத்துவம் சொல்கிறது. எண்ணிக்கையைவிட முக்கியம் மூன்று: முக்கித் திணற வேண்டியிருக்கிறதா, போன பிறகு வயிறு விட்டது போல இருக்கிறதா, நம்முடைய பழைய வழக்கம் திடீரென மாறியிருக்கிறதா.

மலத்தின் வடிவத்தை வைத்துக் குடலின் வேகத்தை அறிய இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மருத்துவர்கள் ஓர் அட்டவணை செய்தார்கள். 1997-ல் வெளியான அந்த ஆய்வுக்குப் பின் உலகமெங்கும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். ஏழு வகை. நம் பேச்சில் சொன்னால் இப்படி:

1. ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனி உருண்டை.
2. உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்த கட்டி.
3. நீளமாக, மேலே வெடிப்போடு இருப்பது.
4. நீளமாக, வழுவழுப்பாக, மட்டிப்பழத்தை உரித்து வைத்தது போல இருப்பது.
5. மெதுவான துண்டு துண்டாக இருப்பது.
6. கூழ் போல இருப்பது.
7. கட்டியே இல்லாமல் தண்ணீர்.

முதல் இரண்டும் மலச்சிக்கல். மூன்றும் நான்கும் நல்ல நிலை. ஐந்து பொதுவாகக் கவலைக்குரியதல்ல. ஆறும் ஏழும் வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் போகும்போது "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த வகை, எத்தனை நாளாக என்று சொன்னால் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

நிறம் சொல்லும் சேதி

பழுப்பு நிறம் பித்தநீரால் வருவது. கீரை தின்றால் பச்சையாகவும், பீட்ரூட் தின்றால் சிவப்பாகவும் போகலாம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

தார் போலக் கறுத்து, ஒட்டும் பதத்தில், கடும் நாற்றத்தோடு போனால் இரைப்பையிலோ சிறுகுடலின் மேற்பகுதியிலோ இரத்தம் கசிகிறது என்று பொருள். மூட்டுவலிக்கு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு இது வருவதுண்டு. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். அது வேறு. சந்தேகம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சுண்ணாம்பு போல வெளுத்துப் போய், சிறுநீர் மட்டும் மஞ்சளாக இறங்கினால் பித்தநீர்ப் பாதை அடைபட்டிருக்கிறது. கண்ணைப் பாருங்கள், மஞ்சள் தெரியும். காமாலைக்கு மருந்து குடித்துவிட்டுக் காத்திருக்காமல் முதலில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

எண்ணெய் மினுக்கோடு, நாற்றமெடுத்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதந்தால் கொழுப்பு செரிக்கவில்லை. இதற்குக் கணையக் கோளாறு ஒரு முக்கியக் காரணம். நம் பகுதிக்கு இதில் ஒரு தனிக் கதையே இருக்கிறது.

மரச்சீனியும் கணையமும்

1956 நவம்பர் 1 வரை நம் மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்தது. மரச்சீனியை இங்கே பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசி கிடைக்காதபோது மரச்சீனிதான் நம் முன்னோரின் வயிற்றைக் காப்பாற்றியது.

பின்னர் கேரளத்தில் ஒரு விசித்திரமான நோய் கவனத்துக்கு வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சிறுவயதில் அடிக்கடி வயிற்றுவலி. வாலிபப் பருவத்தில் சர்க்கரை. கொழுப்பு மிதக்கும் மலம். படம் எடுத்துப் பார்த்தால் கணையத்தில் கல். மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ் இந்நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1968-ல் நூலே எழுதினார். மரச்சீனியில் இயற்கையாக உள்ள சயனைடு நஞ்சுதான் காரணமாக இருக்குமோ என்று அக்காலத்தில் பலர் கருதினார்கள். பிறகு மரச்சீனி தின்னாத பகுதிகளிலும் இந்நோய் காணப்பட்டது. பரம்பரையாக வரும் மரபணு மாற்றங்களுக்கு இதில் பங்கிருப்பதும் தெரியவந்தது. இன்று மரச்சீனியை மட்டும் குற்றவாளியாக யாரும் நிறுத்துவதில்லை.

ஆனாலும் நம் உம்மாமார் செய்த பக்குவம் சரியானது. தோலை நன்றாகச் செதுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொட்டிவிடுவார்கள். நஞ்சின் பெரும்பகுதி அதோடு போய்விடும். அவசரத்துக்குக் குக்கரில் கொஞ்சத் தண்ணீரில் வேகவைத்து அப்படியே எடுப்பது நல்லதல்ல. இன்னொன்று, மரச்சீனியில் மாவு மிகுதி, நார் குறைவு. மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடும் நாளில் கூடவே ஒரு கீரையோ பயறோ இருந்தால் வயிறு நன்றி சொல்லும்.

மலச்சிக்கல் ஏன் வருகிறது?

முதல் காரணம் அடக்குவது. மலம் மலக்குடலுக்கு இறங்கியதும் ஓர் உந்துதல் வரும். அதிலும் காலையில் எழுந்து எதையாவது குடித்ததும் பெருங்குடல் தானாகவே வலுவாகச் சுருங்கும். இது இறைவன் உடம்பில் வைத்த கடிகாரம். அந்த நேரத்தில் போகாமல் அடக்கினால் உந்துதல் சற்று நேரத்தில் அடங்கிவிடும். மலம் அங்கேயே கிடந்து இறுகும். இதையே தினமும் செய்தால், நாளடைவில் உந்துதலே மழுங்கிப்போகும்.

நம் ஊரில் யாரெல்லாம் அடக்குகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள். முண்டு கட்டிக்கொண்டு ஓடிவந்து முதல் பஸ்ஸைப் பிடிக்கும் கூலிவேலைக்காரர்கள். முந்திரி ஆலைகளிலும் ஜவுளிக்கடைகளிலும் நாள் முழுதும் வேலை செய்யும் பெண்கள். பள்ளிக்கூடக் கழிவறை அசுத்தமாக இருக்கிறது என்று மாலை நாலு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும் நம் பெண்பிள்ளைகள். இவர்களில் பலர் கழிவறைக்குப் போக வேண்டிவருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. வேலைக்கு ஆள் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் கடையில், ஆலையில் வேலைசெய்யும் பெண்களுக்குப் பூட்டும் தண்ணீரும் உள்ள ஒரு சுத்தமான கழிவறை இருக்கிறதா? அது சதகாவில் சேராத செலவு என்று நினைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் நார்ச்சத்துக் குறைவு. ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணிபுரிந்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், கிராமத்து மக்களின் மலம் அளவில் மிகுதியாகவும் மெதுவாகவும் இருப்பதையும், உணவு குடலைக் கடக்கும் நேரம் குறைவாக இருப்பதையும் ஐரோப்பியர்களோடு ஒப்பிட்டுக் கண்டார். 1972-ல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் கவனத்தை நார்ச்சத்தின் மீது திருப்பியது. பெரியவர் ஒருவருக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம் நார் தேவை.

அதற்கு விலை கூடிய டப்பா எதுவும் வேண்டாம். நம் வீட்டைச் சுற்றியே இருக்கிறது. முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, சக்கை, சக்கைக்குரு, சேனை, சேம்பு, சிறுபயறு, பெரும்பயறு, கொய்யா, பப்பாளி. தவிடு போகாத சம்பா அரிசி. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டிப்பழம். வாவுபலிப் பொருட்காட்சிக்குப் போகிறவர்கள் திரும்பும்போது ஒரு கொய்யாக் கன்று வாங்கி வந்து நட்டால் மூன்று வருடத்தில் வீட்டுக்கே பழம். ஆனால் ஒன்று: நாரை ஒரே நாளில் கூட்டினால் வயிறு ஊதும். சிறிது சிறிதாகக் கூட்டி, கூடவே தண்ணீரையும் கூட்ட வேண்டும். இசப்கோல் உமி சாப்பிடுகிறவர்களும் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

மூன்றாவது உட்காரும் விதம். குந்தி உட்காரும்போது மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. முழங்கால் வலியால் மேல்நாட்டுக் கழிவறைக்கு மாறியவர்கள், கால் வைக்க அரை அடி உயரத்தில் ஒரு பலகையைப் போட்டு, சற்று முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் அந்தப் பலன் ஓரளவு கிடைக்கும். மொபைல் போனைக் கையில் எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்வது மூலத்துக்கு அழைப்புக் கொடுப்பது போல.

நான்காவது மருந்துகளும் நோய்களும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள், சில வலி மருந்துகள், சில இருமல் மருந்துகள், மனநல மருந்துகள் மலத்தை இறுக்கும். தைராய்டு குறைவு, நாள்பட்ட சர்க்கரை, கர்ப்பகாலம் ஆகியவையும் காரணமாகலாம். மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள். மருத்துவரிடம் சொன்னால் மாற்றித் தருவார்.

பேதி மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. நிலவாகை இலை நம் பக்கத்துத் திருநெல்வேலிச் சீமையில் விளைந்து, அந்த ஊரின் பெயராலேயே உலகச் சந்தைக்குப் போகிற சரக்கு. எப்போதாவது மருந்தாக எடுப்பதில் தவறில்லை. அதையே தினசரிப் பழக்கமாக்கக் கூடாது. வயிற்றுவலியோ வாந்தியோ இருக்கும்போது எந்தப் பேதி மருந்தும், விளக்கெண்ணெயும் கொடுக்கவே கூடாது. குடல் அடைப்போ குடல்வால் அழற்சியோ இருந்தால் உயிருக்கே ஆபத்து.

நோன்பு காலத்தில்

ரமலானில் மலச்சிக்கல் என்று பலர் சொல்கிறார்கள். காரணம் நோன்பல்ல, இஃப்தார் மேசை. நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு நாலு வடை, மூணு சமோசா, ஐஸ் போட்ட சர்பத் என்று ஏற்றினால் வயிறு என்ன செய்யும்? பேரீச்சம்பழத்தில் நார் மிகுதி. பழமும் ஒரு காய்கறியும் இஃப்தாரிலும் ஸஹரிலும் இருக்கட்டும். இரண்டுக்கும் இடையில் எட்டுக் கோப்பைத் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று அண்ணலார் காட்டிய அளவு ஆண்டு முழுவதற்கும் உரியது.

பேதியானால் முதல் மருந்து

மழைக்காலத்தில் ஆறு கலங்கி ஓடும்போது நம் ஊர்க் கிணறுகளும் கலங்கும். இடம் குறைவான வீடுகளில் கிணறும் கழிவறைக் குழியும் நெருங்கிவிடுகின்றன. இடையில் குறைந்தது அறுபது அடியாவது இருக்க வேண்டும். அதற்கு இடமில்லாத வீடுகளில் நீரைக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

வயிற்றுப்போக்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்புதான். 1971-ல் வங்காளதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பெரிய பாத்திரங்களில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்கவைக்கச் சொன்னார். மரணம் வெகுவாகக் குறைந்தது. சர்க்கரை கூட இருந்தால் குடல் உப்பையும் நீரையும் சேர்த்து உறிஞ்சும் என்பதுதான் இதன் அடிப்படை. இன்று நாம் ஓ.ஆர்.எஸ். என்று வாங்கும் பொட்டலத்தை உலகம் நம்பியதில் அந்த முகாமுக்குப் பெரும் பங்குண்டு. அவர் மறைந்த பின் 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டி தலை தட்டி அளக்க வேண்டும். பிள்ளை வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்த வேண்டாம். குழந்தைகளுக்கு 14 நாள் துத்தநாக மாத்திரை அரசு மருத்துவமனையிலேயே தருவார்கள். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு.

இரத்தம் கண்டால்

இனி நம் சகோதரரின் விஷயத்துக்கு வருகிறோம். மலத்தில் இரத்தம் கண்டால் பெரும்பாலும் மூலமாகவோ வெடிப்பாகவோதான் இருக்கும். அது உண்மை. ஆனால் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள் எல்லாரும் அடங்க மாட்டார்கள். பார்க்காமல், பரிசோதிக்காமல் மூலம் என்று யாரும் தீர்மானிக்க முடியாது. மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு ஒன்றாகவும் இருக்கலாம்.

பெருங்குடல் புற்று பெரும்பாலும் சிறு மருப்போல் தொடங்கி, பல ஆண்டுகள் எடுத்து வளர்வது. அந்த மருவை ஆரம்பத்திலேயே குழாய்க் கேமரா வழியாக எடுத்துவிட்டால் புற்றே வராமல் தடுக்கலாம். அமெரிக்கக் கணக்குப்படி, குடலைத் தாண்டாத நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்தாண்டுக்கு மேல் வாழ்கிறார்கள். தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு அந்த எண்ணிக்கை பத்தில் இரண்டு பேரைக்கூட எட்டுவதில்லை. இடையில் இருப்பது பல நேரம் நம்முடைய மௌனம்தான்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்:

– மலத்தில் இரத்தம், அல்லது தார் போன்ற கறுப்பு.
– நாற்பது வயதுக்கு மேல், பழைய வழக்கம் மாறி மூன்று வாரத்துக்கும் மேலாகச் சிக்கலோ பேதியோ நீடிப்பது.
– காரணமில்லாமல் எடை குறைவது.
– இரத்தசோகை. குறிப்பாக ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும்.
– போய் வந்த பிறகும் மீதி இருப்பது போன்ற உணர்வு நீங்காதிருப்பது.
– தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுவலி அல்லது பேதி.
– குடும்பத்தில் ஒருவருக்குக் குடல் புற்று இருந்திருப்பது.

எங்கே போவது? முதலில் நம் குழித்துறை அரசு மருத்துவமனை. மருத்துவர் விரலால் பரிசோதிப்பார், இரத்தம் எடுத்துப் பார்ப்பார். வெட்கப்பட வேண்டாம். அவருக்கு அது அன்றாட வேலை. தேவைப்பட்டால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். புற்று என்று உறுதியானால் திருவனந்தபுரத்தில் 1981 முதல் இயங்கும் மண்டலப் புற்றுநோய் மையமும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் இப்போதே எடுத்து வையுங்கள். நோய் வந்த பிறகு அலைவது கஷ்டம்.

இரத்தக் கசிவோ அடங்காத வாயுவோ உள்ளவர்கள் ஜமாஅத்துக்கு வரத் தயங்குகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் சலுகை இருக்கிறது. ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளில் விவரம் மாறும். இமாமிடம் தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒளுவின் சட்டத்தை இமாமிடமும் இரத்தத்தின் காரணத்தை மருத்துவரிடமும் கேளுங்கள். ஒன்றைக் கேட்டு மற்றதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு நல்ல சேதி

அந்தச் சகோதரரின் மறைவுக்குப் பிறகு பெண்களுக்கான கூட்டம் ஒன்றில் இதைப் பற்றி ஒரு மருத்துவச் சகோதரியைப் பேசவைத்தோம். பேச்சு முடிந்து எல்லாரும் போன பிறகு, முந்திரி ஆலையில் வேலைசெய்யும் ஒரு உம்மா மட்டும் செருப்பைத் தேடுவது போல வாசலிலேயே நின்றார். அவருக்கு ஐந்து மாதமாக இரத்தம். பரிசோதித்தபோது குடலில் ஒரு மரு. அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். மறுவாரம் வேலைக்குப் போய்விட்டார், அல்ஹம்துலில்லாஹ். அவருக்காக நம் அறக்கட்டளை செலவழித்தது பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும்தான்.

இப்போது நம் மருத்துவ உதவி விண்ணப்பத்தில் ஒரு கேள்வியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம்: "உங்கள் வீட்டில் யாருக்காவது மலத்தில் இரத்தம் போகிறதா?" அந்த வரியை எழுதுவதற்கு நமக்கு ஒரு ஜனாஸா தேவைப்பட்டுவிட்டது.

இந்த இதழை வாசித்து முடித்ததும் வீட்டில் ஒரு நாள் இதைப் பேசுங்கள். வயதான வாப்பாவிடம், உம்மாவிடம் கேளுங்கள். மனைவி கணவரிடம் கேட்கட்டும், கணவர் மனைவியிடம் கேட்கட்டும். பிள்ளைகளிடம் பள்ளிக்கூடக் கழிவறை எப்படி இருக்கிறது என்று விசாரியுங்கள். கடைசி ஸஃப்பில் வாசலோரம் ஒருவர் எப்போதும் நின்றால், தொழுகை முடிந்து அவர் தோளில் கைவைத்து, "உடம்புக்கு என்ன?" என்று கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.